கண்ணை ஆட்டினால் போய்விடுமா?

“கண்ண அப்படி இப்படி ஆட்டினா எல்லாம் போயிடுமா தம்பி?”

எங்கள் பழைய சைட்டின் மண்டோர் அண்ணன் போன வருடம் ஒரு மாமாக் கடையில் வைத்து இப்படிக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அந்த நாளில் அவரும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதெல்லாம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மேல்தளத்துக்கு கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தபோது கீழே பலகைகளைத் தாங்கியிருந்த முட்டுகள் சரிந்தன. வங்காளதேசத்திலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். நான் இருபது அடி தள்றி நின்றிருந்தேன். சம்பவ அறிக்கையை எழுதியதும் நான்தான். நான்கு பக்கம். முட்டுகளின் இடைவெளி, அதுவரை ஊற்றிய கான்கிரீட்டின் அளவு, மணி, நிமிடம் எல்லாம் அதில் இருக்கும். அதன் பிறகு ஐந்து மாதங்களுக்கு, எங்காவது இரும்புக் கம்பியைக் கீழே போடும் சத்தம் கேட்டால் என் உள்ளங்கை வியர்த்துவிடும். இரவு மூன்று மணிக்கு அந்தச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரும் எதையும் போட்டிருக்க மாட்டார்கள்.

இலக்கிய நண்பர்கள் எல்லோரும் ஒரே ஆலோசனையைச் சொன்னார்கள். எழுதிடு. எழுதினால் வெளியே வந்துவிடும். நானும் அதை நம்புகிறவன்தான். உட்கார்ந்தேன், ஒரு வரிகூட வரவில்லை. வந்ததெல்லாம் அந்த நான்கு பக்க அறிக்கையின் வாக்கியங்கள். கடைசியில் தாதியாக வேலை செய்யும் என் அக்காதான் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஒரு மனநலச் சிகிச்சையாளரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். சீனப் பெண்மணி. மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லத் தேவையில்லை என்றார். அந்த நாளின் மிக மோசமான ஒரே ஒரு காட்சியை மனதில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அது இப்போது 0 முதல் 10 வரை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று கேட்டார். 9 என்றேன். பிறகு இரண்டு விரல்களை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக நகர்த்தினார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். அரை நிமிடம் இருக்கும். நிறுத்தி, “இப்போது என்ன வருகிறது?” என்றார். ஒரு வார்த்தை சொன்னேன். மறுபடியும் விரல்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு அமர்வுக்கு இவ்வளவு ரிங்கிட் கொடுத்துவிட்டு நான் பூனைக்குட்டி மாதிரி விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று. அன்று இரவே இதன் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். அது நான் எதிர்பார்த்ததைவிட விசித்திரமாக இருந்தது.

இந்தச் சிகிச்சைக்குப் பெயர் இ.எம்.டி.ஆர். கண் அசைவின் வழி உணர்வைத் தணித்து, நினைவை மறுபடியும் செயலாக்குவது என்று பொருள் சொல்லலாம். இதை உருவாக்கிய ஃபிரான்சின் ஷப்பிரோ, 1948இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அவர் முதலில் இலக்கிய மாணவி என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, 1979இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர் இலக்கியத்தை விட்டுவிட்டு, மனமும் உடலும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று தேடி கலிபோர்னியாவுக்குப் போனார்.

1987ஆம் ஆண்டு மே மாதம், லாஸ் கேட்டஸ் என்ற ஊரில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனதை அரித்துக்கொண்டிருந்த சில எண்ணங்கள் தாமாகவே மங்கிப்போனதைக் கவனித்தார். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் தன் கண்கள் குறுக்காக வேகமாக அசைந்ததையும் கவனித்தார். வேண்டுமென்றே அப்படிச் செய்துபார்த்தார். வேலை செய்தது. நண்பர்களிடம் முயன்றபோது, பெரும்பாலோரால் தாங்களாகக் கண்ணை அப்படித் தொடர்ந்து அசைக்க முடியவில்லை. அதனால்தான் விரலைப் பின்தொடரச் சொன்னார். எழுபது பேர் வரை சோதித்துப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

இது அவர் சொன்ன கதை. நியூட்டனின் ஆப்பிள் மாதிரி அழகாக இருக்கிறது அல்லவா? 1995இல் ஜெரால்ட் ரோசன் என்ற உளவியலாளர் இதைக் கேள்வி கேட்டார். அந்த மாதிரித் துள்ளல் அசைவுகளை நம் கண்கள் நாள் முழுதும் செய்துகொண்டேதான் இருக்கின்றன, சொந்தக் கண்ணின் அசைவு நமக்குத் தெரிவதில்லை, அப்படியிருக்க இவர் மட்டும் எப்படிக் கவனித்தார் என்பது அவர் வாதம். ஷப்பிரோ எண்பதுகளின் நடுவில் நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் என்ற துறையில் ஈடுபட்டிருந்ததையும் பிற்பாடு ரோசன் எடுத்துக்காட்டினார். ஒருவரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்து அவர் மனதைப் படிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த துறை அது. அப்படியானால் பூங்காவுக்குப் போகும் முன்பே அவர் தலைக்குள் கண் அசைவு இருந்திருக்கிறது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இலக்கியம் படித்தவர், தொடக்கக் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஷப்பிரோவின் முதல் ஆய்வு 1989இல் வெளிவந்தது. மொத்தம் 22 பேர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். ஒரே ஒரு அமர்வு. என்னிடம் கேட்ட அதே 0 முதல் 10 அளவுகோல்தான். அது ஷப்பிரோவுடையது அல்ல, தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பியிடமிருந்து எடுத்துக்கொண்டது. சிகிச்சை பெற்றவர்களின் எண்கள் ஒரே அமர்வில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கின. பத்து, பதினைந்து வருடங்களாகத் தூங்காத மனிதர்கள் அவர்கள். யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு நியாயம் இருந்தது. சிகிச்சை கொடுத்தவரும் அவரே, அளந்தவரும் அவரே. எங்கள் துறையில் ஒப்பந்தக்காரர் தன் வேலைக்குத் தானே தரச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டால் என்ன சொல்வோமோ அதைத்தான் மற்றவர்களும் சொன்னார்கள்.

ஆனால் அந்த 22 பேரைப் புரிந்துகொள்ள இன்னும் பின்னால் போக வேண்டும். அவர்களுக்கு இருந்த நோய்க்கு அதிகாரபூர்வமான பெயர் வந்தே ஒன்பது வருடங்கள்தான் ஆகியிருந்தன. பி.டி.எஸ்.டி. என்ற சொல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்ந்தது 1980இல். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களோடு நின்ற சில மருத்துவர்களும் பல வருடம் சண்டை போட்டு வாங்கிய பெயர் அது.

அதற்கு முன்பு இருந்த சொல் ‘ஷெல் ஷாக்’. முதல் உலகப்போரில் குண்டுகளுக்கு நடுவே இருந்து, உடலில் காயமில்லாமல், பார்வையும் நினைவும் மங்கிப்போன மூன்று சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் லான்செட் இதழில் எழுதினார். அந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த கட்டுரை அது. இந்த மையர்ஸைத் தேடிப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 1898இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவோடு டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன மையர்ஸ், அங்கிருந்து வந்து சேர்ந்த இடம் நம்முடைய சரவாக். அந்தப் பயணத்தில் அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று தீவுவாசிகளின் பார்வையையும் செவிப்புலனையும் அளப்பது. அதே குழுவில் இருந்த ரிவர்ஸும் மெக்டூகலும்கூடப் பிறகு போரில் மனம் உடைந்தவர்களுக்கு வைத்தியம் செய்தார்கள். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லை மையர்ஸே பிற்காலத்தில் விரும்பவில்லை. குண்டு வெடிக்காத இடத்தில் இருந்தவனுக்கும் இதே நிலை வருகிறது என்பதை அவர் பார்த்துவிட்டார்.

பெயர் இருந்தும் எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்கவில்லை. கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் போரில் சுட்டுக்கொன்ற தன் சொந்தச் சிப்பாய்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது.

என் பாட்டியின் அப்பா சயாம் மரண ரயில் வேலையிலிருந்து உயிரோடு திரும்பியவர். கதவுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்ததே இல்லையாம். தோட்டத்தில் அவரைக் கிறுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியும் அதே சொல்லைத்தான் சொல்வார், பாசத்தோடு. அவருக்கு 1980இல் வந்த சொல் கிடைக்கவில்லை, அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஷப்பிரோவின் கதைக்குத் திரும்புவோம். தொண்ணூறுகளில் இந்தச் சிகிச்சை காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 1995இல் ஓக்லஹோமா நகரத்தில் அரசாங்கக் கட்டடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது இ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்றவர்கள் இலவசமாகச் சிகிச்சையளிக்கப் போனார்கள். மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் புரட்டிப்போட்ட பிறகு, 1998இல், லூசினா ஆர்டிகாஸ் என்பவர் பிள்ளைகளுக்காக ஒரு எளிய முறையைக் கண்டுபிடித்தார். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து, வலம் இடமாக மாற்றி மாற்றித் தட்டிக்கொள்வது. ‘வண்ணத்துப்பூச்சி அணைப்பு’ என்று பெயர். 2021இல் இளவரசர் ஹாரி ஒரு ஆவணப்படத்தில் கேமரா முன்னால் இதைச் செய்துகாட்டினார்.

அறிவியலாளர்கள் இந்தப் பரவலைப் பார்த்து எரிச்சலடைந்தார்கள். பயிற்சிக்கு வருபவர்கள், தாங்கள் கற்றதை வேறு யாருக்கும் கற்றுத்தர மாட்டோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற விதியை ஷப்பிரோ ஆரம்பத்தில் வைத்திருந்தார். அரைகுறையாகச் செய்தால் நோயாளிக்கு ஆபத்து என்பது அவர் காரணம். அறிவியலில் ரகசியமா என்பது மற்றவர்களின் கேள்வி. இந்த விஷயத்தில் நான் மற்றவர்கள் பக்கம். ஒரு முறை நல்லது என்றால் அதைத் திறந்து வைக்க வேண்டும், அப்போதுதான் யாராவது உடைத்துப் பார்க்க முடியும்.

1999இல் ஹார்வர்ட் உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி எழுதிய கட்டுரைதான் இதில் கூர்மையானது. ஷப்பிரோவை அவர் ஃபிரான்ஸ் மெஸ்மரோடு ஒப்பிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் பாரிசில், உடலுக்குள் ஓடும் காந்த சக்தியைச் சரிசெய்து நோயைக் குணப்படுத்துவதாகச் சொன்னவர் மெஸ்மர். 1784இல் பிரெஞ்சு மன்னர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் அதில் இருந்தார், வேதியியலாளர் லவாசியே இருந்தார். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தை மட்டும் ‘காந்தமேற்றி’ விட்டு, ஒரு பையனைக் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். அவன் மயங்கி விழுந்தான், தவறான மரத்தின் அடியில். காந்தம் இல்லை, கற்பனைதான் என்று குழு அறிக்கை கொடுத்தது. மெக்நாலி சொல்லவந்ததும் இதுதான். இ.எம்.டி.ஆரில் குணப்படுத்துகிற பகுதி, பயந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் மறுபடி எதிர்கொள்வது. அது பழைய வைத்தியம். புதிதாகச் சேர்த்த பகுதி கண் அசைவு. அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரு பொறியியலாளனுக்கு இது மிகவும் பரிச்சயமான கேள்வி. இயந்திரம் ஓடுகிறது. அதிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார். அப்போதும் ஓடினால் அந்தப் பாகம் அலங்காரம். அப்படியே செய்தார்கள். 1996இல் ரோஜர் பிட்மனின் குழு வியட்நாம் வீரர்களிடம் கண்ணை அசைத்தும் அசைக்காமலும் ஒப்பிட்டது. இரண்டிலும் ஓரளவு முன்னேற்றம், அசைக்காதவர்கள் பின்தங்கவில்லை. 2001இல் டேவிட்சன், பார்க்கர் இருவரும் 34 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சிகிச்சை வேலை செய்கிறது, கண் அசைவு கூடுதலாக எதையும் தரவில்லை என்று முடிவு வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு மூன்றாவது அமர்வு முடிந்திருந்தது. என் எண் 9இலிருந்து 5க்கு வந்திருந்தது. நான் தவறான மரத்தடியில் மயங்கி விழுந்த அந்தப் பையனோ என்று நினைத்தேன். உண்மையில் அது ஒரு மோசமான வாரம். குணமாவதைவிட ஏமாறாமல் இருப்பது முக்கியம் என்று தோன்றுகிற வயது எனக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் கதை 2001இல் நிற்கவில்லை. 2013இல் கிறிஸ்டோபர் லீ, பிம் கைப்பர்ஸ் இருவரும் 26 ஆய்வுகளை, சிறந்த கணக்கு முறையோடு மறுபடி சேர்த்துப் பார்த்தார்கள். இந்த முறை கண் அசைவுக்குத் தனிப் பயன் இருப்பதாக வந்தது. நோயாளிகளிடம் மிதமாக, ஆய்வகச் சோதனைகளில் இன்னும் அதிகமாக.

ஏன்? இங்கேதான் எனக்குப் பிடித்த விளக்கம் வருகிறது. கண் அசைவு மூளையின் இரண்டு பாதிகளை இணைக்கிறது, கனவுத் தூக்கத்தைப் போலச் செய்கிறது என்றெல்லாம் பல கருத்துகள் உண்டு. நெதர்லாந்தின் மார்செல் வான் டென் ஹவுட் போன்றவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். மனிதனுக்குச் செயல்நினைவு என்று ஒன்று இருக்கிறது, அதன் கொள்ளளவு குறைவு. இதை 1974இல் பேட்லி, ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் வரையறுத்தார்கள். நம் கணினியின் ரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயங்கரக் காட்சியை நினைவுக்குக் கொண்டுவரும்போது அது ரேமில் ஏறுகிறது. அதே நேரத்தில் நகரும் விரலைப் பின்தொடர்வதும் அதே ரேமைத் தின்கிறது. இடம் போதாமல் காட்சி மங்கலாகிறது. மங்கலான காட்சியே திரும்ப உள்ளே சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை எடுக்கும்போது பழைய கூர்மை இல்லை.

இது சரி என்றால் கண் இடம் வலமாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2008இல் கண்டர், பாட்னர் இருவரும் சோதித்தார்கள். மேலும் கீழுமாக அசைத்தாலும் அதே பலன். சிக்கலான படம் ஒன்றை வரைந்தாலும் பலன். எமிலி ஹோம்ஸ் என்பவரின் குழு 2009இல் செய்தது இன்னும் வேடிக்கை. கொடூரமான காட்சிகள் உள்ள படத்தைக் காட்டி, அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் திரும்ப வந்தது குறைவு. பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு மருத்துவமனை அவசரப் பிரிவில், சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரிடமும் இதைச் சோதித்தார்கள். அங்கேயும் குறைந்தது. அந்த இரவு என் கையிலும் போன் இருந்தது. நான் விளையாடவில்லை, அறிக்கைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் எலிகள் வந்தன. 2019 பிப்ரவரியில் நேச்சர் இதழில் கொரிய ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. ஒரு ஒலியைக் கேட்டால் பயந்து உறைந்துபோகும்படி பழக்கிய எலிகளுக்கு, அந்த ஒலியோடு இடமும் வலமுமாக மாறி மாறி நகரும் வெளிச்சத்தைக் காட்டினார்கள். பயம் குறைந்தது, குறைந்தபடியே நின்றது. வெறுமனே மினுக்கும் வெளிச்சத்துக்கு அந்தப் பலன் இல்லை. கண் அசைவைக் கவனிக்கும் நடுமூளைப் பகுதியிலிருந்து தாலமஸ் வழியாக அச்சத்தை நிர்வகிக்கும் அமிக்டலாவுக்குப் போகும் பாதையையே அவர்கள் வரைந்துகாட்டினார்கள். அப்படியானால் ரேம் விளக்கம் மட்டும் போதாது. எலி டெட்ரிஸ் விளையாடவில்லையே. அதே வருடம் ஜூனில் ஷப்பிரோ காலமானார். 32 வருடங்களாக அவர் தோளில் கிடந்த கேள்வி அப்போதும் திறந்தே கிடந்தது.

இதற்கிடையில் அமைப்புகள் தீர்ப்பு எழுதிவிட்டன. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைத்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் கொஞ்சம் தயக்கத்தோடு, இரண்டாம் வரிசையில் வைத்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது, ஆனால் போரினால் வந்த பாதிப்புக்கு அல்ல. வியட்நாம் வீரர்களிடம் தொடங்கிய சிகிச்சைக்கு இப்படி ஒரு நிலைமை!

உலகச் சுகாதார நிறுவனத்தின் விளக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் இல்லை. மேலோட்டமாகப் படித்தால் சாதாரண வாக்கியம். ஆனால் ஃபிராய்டிலிருந்து நம் இலக்கியக் கூட்டங்கள்வரை எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது, காயத்துக்கு மருந்து அதைச் சொல்வதுதான் என்று. இலக்கியம் படித்த ஒரு பெண், கதை சொல்லத் தேவையில்லாத ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்தார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாத நாட்டில் வேலை செய்பவர்கள், சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுபவர்கள், என் கொள்ளுத்தாத்தா. எழுதிடு என்று சொன்ன நண்பர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்களுக்கு அது வேலை செய்திருக்கும். எனக்கு வரிசை மாறி வந்தது. ஆறாவது அமர்வு முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் இந்தப் பத்திகளை எழுத முடிந்தது.

மாமாக் கடையில் மண்டோர் அண்ணனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. மெஸ்மரையும் எலியையும் சொன்னால் தே தாரிக் ஆறிப்போகும்.

“கண்ணுதான் காரணமான்னு இன்னும் சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்காங்க அண்ணே. ஆனா எனக்கு 9 இருந்தது 2க்கு வந்துடுச்சு. கம்பிச் சத்தம் கேட்டா இப்ப திரும்பிப் பாப்பேன், அவ்வளவுதான்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். “அவன் பேரு மறந்து போயிடுமா?”

அவர் இத்தனை நாள் பயந்தது இதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறந்தவருக்கு அவர்தான் வேலை கற்றுக்கொடுத்தார். தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர்.

“மறக்காது அண்ணே. எனக்கு மறக்கல. சட்ட கலருகூட ஞாபகம் இருக்கு.”

அந்த மனிதரின் பெயரை அவர் ஒருமுறை சொன்னார். நானும் சொன்னேன். பிறகு தன் போனை எடுத்து மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“அந்தம்மா நம்பர இதுல போட்டு வை. மலாய் பேசுவாங்கதானே?”